ஹோமியோ புரதக் களமும் மரபணுப் படியெடுத்தலின் கட்டுப்பாடும்: ஒரு வரலாற்று ஆய்வு (1894–2015)

ஆய்வுச் சுருக்கம்

உயிரினங்களின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பலவற்றில் 180 கார இணைகள் நீளமுள்ள ஒரு பகுதி ஏறத்தாழ ஒரே வடிவில் காணப்படுகிறது. ஹோமியோபாக்ஸ் எனப்படும் இப்பகுதி, ஹோமியோ களம் என்னும் 60 அமினோ அமிலங்களாலான புரதப் பகுதியைக் குறிக்கிறது. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு பிற மரபணுக்களின் படியெடுத்தலைத் தூண்டுவதோ அடக்குவதோ இக்களத்தைக் கொண்ட புரதங்களின் பணியாகும். இக்களம் 1984இல் கண்டறியப்பட்டதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த ஆய்வுகளைக் காலவரிசையில் தொகுத்து, ‘மாறாது பேணப்பட்டது’ என்னும் கருத்தின் பொருள் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. களத்தின் ஒற்றுமை உறுதிப்பட உறுதிப்பட, அக்களத்தைக் கொண்ட புரதங்களின் செயல் வேறுபாட்டை விளக்குவது கடினமாயிற்று என்பதும், அவ்விளக்கத்துக்கான முதல் தடயம் ஈஸ்ட் ஆய்வுகளில் முன்னரே கிடைத்திருந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: ஹோமியோபாக்ஸ், புரதக் களம், மரபணுப் படியெடுத்தல், பழப்பூச்சி, ஈஸ்ட், துணைப்புரதம், அறிவியல் வரலாறு.

முன்னுரை

ஓர் உயிரினத்தின் உடலிலுள்ள பெரும்பாலான உயிரணுக்கள் ஒரே மரபணுத் தொகுதியையே கொண்டுள்ளன. எனினும் நரம்பணு வேறு, தசையணு வேறு, தோலணு வேறு. இவ்வேறுபாடு எந்த உயிரணுவில் எந்த மரபணு, எப்பொழுது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இப்படியெடுத்தலை முடுக்கியும் தடுத்தும் நெறிப்படுத்தும் புரதங்கள் படியெடுத்தல் காரணிகள் எனப்படுகின்றன.

இக்காரணிகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளாக அமைந்தவை. தனித்து மடிந்து, தனக்கென ஒரு வடிவும் பணியும் பெற்று நிற்கும் புரதப் பகுதியே ‘களம்’ எனப்படுகிறது. ஒரே களம் வெவ்வேறு புரதங்களிலும், தொலைதூர உறவுடைய உயிரினங்களிலும் சிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் காணப்படுமாயின் அது மாறாது பேணப்பட்ட களம் ஆகும். துத்தநாக விரல் முதலிய பல களங்கள் இவ்வகையில் அறியப்பட்டிருப்பினும், ஹோமியோ களத்தின் வரலாறு தனிச்சிறப்புடையது. மரபியல், கருவளர்ச்சியியல், பரிணாமவியல், கட்டமைப்பு உயிரியல் என நான்கு துறைகள் அதன் வழியே ஒன்றையொன்று சந்தித்தன.

இவ்வரலாறு வழக்கமாக ஒற்றுமையின் கண்டுபிடிப்பாகவே எடுத்துரைக்கப்படுகிறது. ஈக்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு மரபணுப் பகுதி கிடைத்தது என்பதே அக்கதையின் சாரம். அது உண்மையே. ஆயினும் அது பாதி வரலாறு மட்டுமே. எஞ்சிய பாதி, அவ்வொற்றுமை எழுப்பிய சிக்கலைப் பற்றியது.

இடம் மாறிய உறுப்புகள்

ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1894இல் வெளியிட்ட நூலில், உயிரினங்களின் உடலமைப்பில் காணப்படும் பிறழ்வுகளைப் பெருந்தொகையாகத் தொகுத்தார். உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின் வடிவைப் பெறும் நிகழ்வுக்கு ‘ஹோமியோசிஸ்’ என அவர் பெயரிட்டார். பூச்சியின் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் காலின் பகுதி தோன்றுவது அவர் காட்டிய வகைகளுள் ஒன்றாகும். பேட்சனின் எடுத்துக்காட்டுகள் இயற்கையில் கிடைத்த தனி மாதிரிகள். அவற்றின் மரபுவழியை ஆராய அவருக்கு வழியில்லை.

அவ்வழி 1915இல் திறந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கனின் ஆய்வகத்தில் பணியாற்றிய கால்வின் பிரிட்ஜஸ், பழப்பூச்சியில் ‘பைதோராக்ஸ்’ என்னும் சடுதிமாற்றத்தைக் கண்டறிந்தார். இயல்பான பழப்பூச்சியின் இரண்டாம் மார்புக் கண்டத்தில் ஓரிணைச் சிறகுகளும், மூன்றாம் கண்டத்தில் பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு குமிழ் உறுப்புகளும் உள்ளன. பைதோராக்ஸ் பூச்சியில் இக்குமிழ் உறுப்பின் ஒரு பகுதி சிறகின் தன்மையைப் பெற்றது. பேட்சன் கண்ட பிறழ்வு இப்பொழுது ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கத்தக்க மரபணுப் பண்பாயிற்று.

இம்மரபணுப் பகுதியைப் பல பதிற்றாண்டுகள் ஆராய்ந்தவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் லூயிஸ். சடுதிமாற்றங்கள் சிலவற்றை ஒருங்கே சேர்த்து முழுமையான நான்கு சிறகுகளுடைய பூச்சியை அவர் உருவாக்கினார். 1978இல் அவர் வெளியிட்ட கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைத்தது. குரோமோசோமில் இம்மரபணுக்கள் அமைந்துள்ள வரிசையும், உடலில் அவை செயற்படும் கண்டங்களின் வரிசையும் ஒத்துள்ளன என்பது ஒன்று. இவை தொன்மையான ஒரு மரபணு மீண்டும் மீண்டும் இரட்டித்ததால் தோன்றியவை என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் கருத்து சோதனைக்குரிய ஓர் எதிர்பார்ப்பைத் தன்னுள் கொண்டிருந்தது. இரட்டித்த மரபணுக்கள் என்றால் அவற்றின் டி.என்.ஏ. வரிசைகளில் பொதுமை எஞ்சியிருத்தல் வேண்டும். 1978இல் அதைப் பார்க்கக் கருவியில்லை.

1984: பொதுப் பகுதியின் கண்டுபிடிப்பு

கருவி விரைவில் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஹாக்னஸின் ஆய்வகத்தில் குரோமோசோமின் ஓர் இடத்திலிருந்து அடுத்தடுத்த துண்டுகளைப் பிரித்தெடுத்துச் செல்லும் முறை உருவாக்கப்பட்டது. அதன் துணையால் பைதோராக்ஸ் தொகுதியின் டி.என்.ஏ. பற்றிய விரிவான ஆய்வு 1983இல் வெளிவந்தது. அதே ஆண்டில், உணர்கொம்பைக் காலாக மாற்றும் ‘அன்டெனாபீடியா’ மரபணுவை இரு குழுக்கள் தனித்தனியே பிரித்தெடுத்தன. ஒன்று சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேரிங் தலைமையிலான குழு. மற்றொன்று அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் தாமஸ் காஃப்மனுடன் பணியாற்றிய மாத்யூ ஸ்காட் முதலியோரின் குழு.

1984இல் இரு குழுக்களும் ஒரே முடிவை எட்டின. பாசலில் வில்லியம் மெக்கின்னிஸ், மைக்கேல் லெவின், எர்ன்ஸ்ட் ஹாஃபன், அட்சுஷி குரோய்வா, கேரிங் ஆகியோரும், இந்தியானாவில் ஸ்காட்டும் ஏமி வைனரும் அப்பொதுப் பகுதியைக் கண்டனர். அன்டெனாபீடியா, அல்ட்ராபைதோராக்ஸ், ஃபுஷி தராசு ஆகிய மூன்று மரபணுக்களிலும் ஒத்த வரிசையுடைய ஒரு பகுதி இருந்தது. இவற்றுள் ஃபுஷி தராசு என்பது ஜப்பானிய மொழியில் ‘கண்டங்கள் போதவில்லை’ எனப் பொருள்படும். அது உறுப்பை இடம் மாற்றும் மரபணு அன்று. கருவின் கண்டங்களின் எண்ணிக்கையைப் பாதிப்பது. எனவே அப்பொதுப் பகுதி ஒரு குறிப்பிட்ட உறுப்புக்குரியதாக இருக்க இயலாது என்பது தொடக்கத்திலேயே புலப்பட்டது. லூயிஸின் எதிர்பார்ப்பு ஏறத்தாழ உறுதிப்பட்டது. ஆனால் அவர் எண்ணிய எல்லைக்கு அப்பாலும் அப்பகுதி பரவியிருந்தது.

எவ்வளவு அப்பால் என்பது அதே ஆண்டில் தெரிந்தது. கதிரியக்கக் குறியிட்ட பழப்பூச்சி டி.என்.ஏ. துண்டைக் கொண்டு பிற விலங்குகளின் டி.என்.ஏ.வில் ஒத்த வரிசைகளைத் தேடியபோது முதுகெலும்புள்ள விலங்குகளிலும் அவை கிடைத்தன. பாசலில் எட்வர்டோ டி ராபர்ட்டிஸின் ஆய்வகத்தில் ஆண்ட்ரெஸ் கராஸ்கோ முதலியோர் ஆப்பிரிக்க நகத்தவளையிலிருந்து ஹோமியோபாக்ஸ் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்தனர். எலியிலும் மனிதனிலும் அவ்வகைப் பகுதிகள் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டன. பூச்சியின் உடலும் முதுகெலும்பு விலங்கின் உடலும் முற்றிலும் வேறான நெறிகளால் உருவாகின்றன என்று கருதி வந்த கருவளர்ச்சியியலாளர்களுக்கு இது பெரும் வியப்பளித்தது. ‘நேச்சர்’ இதழில் ஜோனாதன் ஸ்லாக் 1984இல் எழுதிய குறிப்பு, இக்கண்டுபிடிப்பைக் கருவளர்ச்சியியலின் ரொசெட்டாக் கல்லோ என்று தலைப்பிலேயே கேட்டது. அத்தலைப்பு ஒரு வினாவாகவே நின்றது என்பது கருதத்தக்கது. ஒரே எழுத்து பல இடங்களில் பொறிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அவ்வெழுத்து என்ன சொல்கிறது என்பது அப்பொழுது தெரியவில்லை.

உவமையிலிருந்து சான்றுக்கு

இப்புரதப் பகுதி என்ன செய்கிறது என்னும் வினாவுக்கு முதல் விடை ஒப்பீட்டின் வழியே வந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பாக்டீரிய ஆய்வுகளை நினைவுகூர்தல் வேண்டும். மரபணுக்களை அடக்கும் பொருள்கள் உள்ளன என்று ஃபிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961இல் முன்வைத்த கருத்து, வால்டர் கில்பர்ட், பென்னோ முல்லர்-ஹில் ஆகியோர் 1966இலும், மார்க் டாஷ்னி 1967இலும் அத்தகைய புரதங்களைப் பிரித்தெடுத்ததால் உறுதிப்பட்டது. 1981–82இல் இவ்வகைப் புரதங்கள் சிலவற்றின் படிக அமைப்புகள் வெளிவந்தன. அவற்றில் ஒரு சுருள், ஒரு திருப்பம், மீண்டும் ஒரு சுருள் என்னும் பொது அமைப்பு காணப்பட்டது. இரண்டாம் சுருள் டி.என்.ஏ.வின் பெரும்பள்ளத்தில் பொருந்துவதாகக் கருதப்பட்டது.

1984இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இரண்டு கட்டுரைகள் ஹோமியோ களத்தை இவ்வரிசையில் சேர்த்தன. ஆலன் லாஃபனும் ஸ்காட்டும் ஃபுஷி தராசு புரதத்தின் வரிசையில் பாக்டீரியப் புரதங்களின் சுருள்-திருப்பம்-சுருள் அமைப்பை ஒத்த பகுதியைச் சுட்டினர். ஜான் ஷெப்பர்ட், மெக்கின்னிஸ், கராஸ்கோ, டி ராபர்ட்டிஸ், கேரிங் ஆகியோர் ஈயிலும் தவளையிலும் உள்ள களம், ஈஸ்டின் இனச்சேர்க்கை வகையைத் தீர்மானிக்கும் புரதங்களை ஒத்துள்ளதைக் காட்டினர். ஈஸ்ட் புரதங்கள் பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்துபவை என்பது மரபியல் சோதனைகளால் முன்னரே தெரிந்திருந்தது. எனவே ஹோமியோ களமும் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியாக இருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். 1984இல் இக்கூற்று ஒப்பீட்டால் பெறப்பட்ட ஊகமே. நேரடிச் சான்று அடுத்த ஆண்டில் கிடைத்தது. குளோட் டெப்லான், ஜெஃப்ரி தீஸ், பேட்ரிக் ஓ'ஃபாரல் ஆகியோர் பழப்பூச்சியின் ‘என்கிரெய்ல்டு’ புரதப் பகுதி குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசைகளைப் பற்றுவதை 1985இல் காட்டினர். ஈஸ்டின் ஆல்ஃபா2 புரதம் தான் அடக்கும் மரபணுக்களின் அருகில் உள்ள வரிசையைப் பற்றுவதை அலெக்சாண்டர் ஜான்சனும் ஐரா ஹெர்ஸ்கோவிட்சும் அதே ஆண்டில் மெய்ப்பித்தனர். 1988இல் ஜேம்ஸ் ஜெய்ன்ஸும் ஓ'ஃபாரலும் வளர்ப்பூடகத்தில் வளர்த்த பழப்பூச்சி உயிரணுக்களில் மேலும் ஒரு படி சென்றனர். ஃபுஷி தராசு புரதமும் என்கிரெய்ல்டு புரதமும் ஒரே டி.என்.ஏ. வரிசையைப் பற்றின, ஆனால் முன்னது படியெடுத்தலைத் தூண்டியது, பின்னது அடக்கியது. பற்றும் இடத்தைத் தேர்வது களத்தின் பணி. பற்றியபின் என்ன நிகழும் என்பது புரதத்தின் பிற பகுதிகளையும் பொறுத்தது. படியெடுத்தல் கட்டுப்பாட்டில் களத்தின் பங்கு எது, பங்கல்லாதது எது என்னும் எல்லைக்கோடு இச்சோதனையில் தெளிவாயிற்று.

வடிவம் காட்டியதும் காட்டாததும்

களத்தின் முப்பரிமாண வடிவம் இரு வழிகளில் அறியப்பட்டது. சூரிச்சில் குர்ட் வூத்ரிச்சின் குழு கேரிங்கின் குழுவுடன் இணைந்து, கரைசலில் உள்ள அன்டெனாபீடியா ஹோமியோ களத்தின் அமைப்பை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் 1989இல் வெளியிட்டது. கார்ல் பாபோவும் சார்ல்ஸ் கிசிங்கர் முதலியோரும் என்கிரெய்ல்டு களம் டி.என்.ஏ.வுடன் இணைந்த நிலையில் அதன் படிக அமைப்பை 1990இல் 2.8 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியிட்டனர். பாக்டீரிய நச்சுயிரியான லாம்டாவின் அடக்கிப் புரத அமைப்பை 1982இல் வெளியிட்டவர்களுள் பாபோவும் ஒருவர்.

களத்தில் மூன்று சுருள்கள் உள்ளன. மூன்றாம் சுருள் டி.என்.ஏ.வின் பெரும்பள்ளத்தில் படிகிறது. களத்தின் முன்முனையிலுள்ள நெகிழ்வான கை சிறுபள்ளத்துக்குள் நுழைகிறது. 51ஆம் இடத்திலுள்ள அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலம் டி.என்.ஏ.வின் அடினின் காரத்துடன் இணைகிறது. அறியப்பட்ட ஹோமியோ களங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த அஸ்பரஜின் மாறுவதில்லை. இத்தகைய இடங்கள் மாறினால் களம் தன் பணியை இழக்கும் என்பதால்தான் அவை நெடுங்காலம் பேணப்பட்டன என்று வடிவமே விளக்கியது. 1984இன் பாக்டீரிய ஒப்பீடும் இதனால் திருத்தம் பெற்றது. சுருள்-திருப்பம்-சுருள் என்பது சரியே. ஆனால் ஹோமியோ களத்தின் மூன்றாம் சுருள் நீளமானது; பாக்டீரியப் புரதங்களில் சுருளின் முன்முனை டி.என்.ஏ.வைத் தொட, இங்குச் சுருளின் நடுப்பகுதி தொடுகிறது.

தேர்வுத்தன்மைக்கு ஒரு விடையும் கிடைத்தது. 1989இல் ஸ்டீவன் ஹேன்ஸ், ரோஜர் பிரென்ட் ஆகியோரும், ஜெசிகா டிரைஸ்மன், டெப்லான் முதலியோரும் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டினர். களத்தின் 50ஆம் அமினோ அமிலத்தை மாற்றினால் அது விரும்பிப் பற்றும் டி.என்.ஏ. வரிசையும் மாறுகிறது. கருவின் தலைப்பகுதியைத் தீர்மானிக்கும் ‘பைகாய்டு’ புரதத்தில் இவ்விடத்தில் லைசின் உள்ளது. அன்டெனாபீடியாவில் குளுட்டமின் உள்ளது. அறுபதில் ஒன்று மாறினால் இலக்கு மாறும் என்னும் இம்முடிவு, களம் ஒரு பூட்டு, டி.என்.ஏ. வரிசை ஒரு சாவி என்னும் எளிய விளக்கத்துக்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றியது.

ஆனால் அவ்விளக்கம் நிலைக்கவில்லை. உடற்கண்டங்களைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் புரதங்கள் அனைத்தும் 50ஆம் இடத்தில் குளுட்டமினையே கொண்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தைமின், அடினின், அடினின், தைமின் என்னும் நான்கெழுத்தை மையமாகக் கொண்ட வரிசைகளையே நாடுகின்றன. நான்கு காரங்களாலான ஒரு குறிப்பிட்ட வரிசை, எழுத்துகள் சமமாகப் பரவியுள்ள டி.என்.ஏ.வில் சராசரியாக 256 இடங்களுக்கு ஒரு முறை தற்செயலாகவே வரும். எனவே ஏறத்தாழ எங்கும் கிடைக்கும் ஓர் இலக்கை ஏறத்தாழ ஒரே வகையில் பற்றும் புரதங்கள், வெவ்வேறு உடற்கண்டங்களுக்கு வெவ்வேறு அடையாளம் தருவது எவ்வாறு? இதுவே துறையினர் குறிப்பிடும் தேர்வுத்தன்மை முரண்.

இம்முரண் ஆய்வகக் குழாயில் மட்டும் தோன்றியது. உயிருள்ள விலங்கில் இப்புரதங்களுக்கு இடையே ஐயத்துக்கிடமற்ற வேறுபாடு இருந்தது. ஸ்டீஃபன் ஷ்னூவ்லி, ரோமன் கிளெமென்ஸ், கேரிங் ஆகியோர் 1987இல் அன்டெனாபீடியா மரபணுவை வெப்பத்தால் எங்கும் தூண்டியபோது உணர்கொம்பு நடுக்காலாக மாறியது. மைக்கேல் குசியோராவும் மெக்கின்னிஸும் 1989இல் ‘டிஃபார்ம்டு’ புரதத்தின் களத்தை நீக்கி அல்ட்ராபைதோராக்ஸின் களத்தைப் பொருத்தியபோது, அப்புரதம் கட்டுப்படுத்தும் மரபணுவும் மாறியது. 1990இல் எலியின் ஹாக்ஸ் மரபணு ஒன்றைப் பழப்பூச்சியில் செலுத்தியபோது அதற்கு நிகரான பூச்சி மரபணுவின் விளைவே தோன்றியது. ஆகவே களத்துக்குள் தேர்வுத்தன்மை உண்டு. ஆனால் களத்தைத் தனியே எடுத்துச் சோதித்தால் அது மறைந்துவிடுகிறது.

ஈஸ்ட் முன்பே சொன்ன விடை

இம்முரணுக்கான விடையின் முதல் தடயம் ஈஸ்டில் இருந்தது. ஆல்ஃபா வகை ஈஸ்ட் உயிரணுவில் ஆல்ஃபா2 புரதம், எம்.சி.எம்.1 என்னும் வேறு வகைப் புரதத்துடன் சேர்ந்து ஒரு தொகுதி மரபணுக்களை அடக்குகிறது. இரு வகைகளும் இணைந்த இரட்டைமய உயிரணுவில் அதே ஆல்ஃபா2 புரதம், ஏ1 என்னும் மற்றொரு ஹோமியோ களப் புரதத்துடன் சேர்ந்து வேறொரு தொகுதி மரபணுக்களை அடக்குகிறது. ஏ1 புரதம் ஆல்ஃபா2இன் டி.என்.ஏ. தேர்வை மாற்றுகிறது என்பதை கரோலின் கூட்டும் ஜான்சனும் 1988இல் காட்டினர். களம் ஒன்றே, துணை மாறினால் இலக்கு மாறுகிறது.

ஈஸ்ட் ஒப்புமை 1984 முதலே ஆய்வாளர் அறிந்தது. எனினும் அது முதலில், ஹோமியோ களம் டி.என்.ஏ.வைப் பற்றும் என்பதற்கான சான்றாகவே பயன்பட்டது. களம் தனித்து முடிவெடுப்பதில்லை என்னும் அதன் இரண்டாவது பாடம் விலங்குகளுக்குப் பொருந்துமா என்பது பின்னரே தெளிவாயிற்று. பழப்பூச்சியில் ‘எக்ஸ்ட்ராடென்டிக்கிள்’ என்னும் மரபணு பழுதுற்றால், ஹாக்ஸ் மரபணுக்கள் இயல்பான இடங்களில் செயற்பட்டும் கண்டங்களின் அடையாளம் மாறுவதை மார்க் பைஃபரும் எரிக் வீஷவுஸும் 1990இல் கண்டனர். 1993இல் அம்மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது, அது மனிதனின் பி.பி.எக்ஸ்.1 மரபணுவுக்கு நெருங்கிய உறவுடையது எனத் தெரிந்தது. பி.பி.எக்ஸ்.1 முன்னரே குழந்தைகளைத் தாக்கும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய் ஆய்வில் அறியப்பட்டிருந்தது. எக்ஸ்ட்ராடென்டிக்கிளும் ஒரு ஹோமியோ களப் புரதமே. அதன் களத்தில் முதல் இரண்டு சுருள்களுக்கிடையே மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாக உள்ளன. இக்கூடுதல் ஈஸ்டின் ஆல்ஃபா2இலும் காணப்படுவது.

ஹாக்ஸ் புரதங்கள் இத்துணைப்புரதத்துடன் இணைந்து டி.என்.ஏ.வைப் பற்றுகின்றன என்பதை 1994இல் ரிச்சர்ட் மானின் குழுவும், மார்க் வான் டைக், கோர்னலிஸ் மூரே ஆகியோரும் தனித்தனியே காட்டினர். 1999இல் வெளிவந்த இரு படிக அமைப்புகள் இவ்விணைவைக் காட்சிப்படுத்தின. ஹாக்ஸ் புரதத்தில் களத்துக்கு வெளியே உள்ள ஒரு குறும்பகுதி, துணைப்புரதத்தின் களத்திலுள்ள குழிவில் பொருந்துகிறது. மானின் குழுவினர் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. துணைப்புரதம் உடனிருக்கும்போது மட்டும் ஹாக்ஸ் புரதத்தின் முன்முனைக் கையும் அதனையடுத்த பகுதியும் ஒழுங்கு பெற்று, குறுகிய சிறுபள்ளத்தின் வடிவை இனங்காண்கின்றன. எழுத்தை மட்டுமன்றி டி.என்.ஏ.வின் வடிவத்தையும் புரதம் படிக்கிறது. இவ்வாறு துணை கிடைக்கும்போது மட்டும் வெளிப்படும் தேர்வுத்தன்மையை, 2011இல் எட்டு ஹாக்ஸ் புரதங்களுக்கும் விரிவாக அளந்து காட்டிய ஆய்வு ‘மறைநிலைத் தேர்வுத்தன்மை’ எனக் குறித்தது.

2015இல் ஜஸ்டின் கிராக்கர், டேவிட் ஸ்டெர்ன், மான் முதலியோர் வெளியிட்ட ஆய்வு மற்றொரு எதிர்பார்ப்பையும் மாற்றியது. ‘ஷேவன்பேபி’ மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அல்ட்ராபைதோராக்ஸ் பற்றும் இடங்கள் வலுக்குறைந்தவை. ஆனால் கூட்டமாக அமைந்தவை. அவற்றை வலுவாகப் பற்றும் வரிசைகளாக மாற்றியபோது தேர்வுத்தன்மை குன்றியது. பிற ஹாக்ஸ் புரதங்களும் அப்பகுதியைத் தூண்டின. வலுவான பிணைப்பே துல்லியமான கட்டுப்பாடு என்னும் எண்ணம் இங்குப் பொருந்தவில்லை.

பேணப்பட்டது களமா, பணியா?

இவ்வரலாற்றிலிருந்து எழும் அடிப்படை வினா இது. களம் மாறாதிருப்பின் அதன் பணியும் மாறாதிருக்குமா? மூன்று சான்றுகள் எச்சரிக்கையாக அமைகின்றன.

முதலாவது ஃபுஷி தராசு. இது ஹாக்ஸ் தொகுதிக்குள் அமைந்துள்ள மரபணு. ஹாக்ஸ் வகைக் களமும் உடையது. ஆயினும் பழப்பூச்சியில் அது கண்டங்களுக்கு அடையாளம் தருவதில்லை. பரிணாமத்தில் எக்ஸ்ட்ராடென்டிக்கிளுடன் இணையும் குறும்பகுதியை அது இழந்து, வேறொரு துணைப்புரதத்துடன் இணையும் பகுதியைப் பெற்றது என்பதை லெஸ்லி பிக்கின் குழு 2001இல் காட்டியது. அன்றியும், களம் நீக்கப்பட்ட ஃபுஷி தராசு புரதமும் கருவில் செயற்பட இயலும் என்பதை ஹென்றி கிராஸின் குழு 1992இலேயே அறிவித்திருந்தது. ஹோமியோபாக்ஸ் முதன்முதலில் காணப்பட்ட மூன்று மரபணுக்களுள் ஒன்றிலேயே களமும் பணியும் பிரிந்து நின்றன.

இரண்டாவது பைகாய்டு. அதன் ஹோமியோ களம் டி.என்.ஏ.வைப் பற்றுவதோடு, ‘காடல்’ மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வையும் பற்றி அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது என 1996இல் இரு குழுக்கள் காட்டின. படியெடுத்தலுக்கான களம், படியெடுத்தலுக்குப் பிந்திய கட்டுப்பாட்டையும் ஏற்றிருந்தது.

மூன்றாவது மனித நோய்கள். கண்ணையும் பற்களையும் பாதிக்கும் ரீகர் நோயில் பி.ஐ.டி.எக்ஸ்.2 மரபணுவின் பழுதுகள் பல ஹோமியோ களத்துக்குள்ளேயே அமைந்தவை. ஆனால் விரல்கள் ஒட்டியும் மிகுந்தும் தோன்றும் ஒரு மரபுக் குறைபாட்டில், ஹாக்ஸ்-டி13 புரதத்தின் களம் பழுதின்றி இருக்க, அதற்கு வெளியே உள்ள அலனின் தொடர் நீண்டிருப்பது 1996இல் கண்டறியப்பட்டது. களத்தை மட்டும் ஆராய்பவர் இத்தகைய நோயின் காரணத்தைத் தவறவிடுவார்.

முடிவுரை

1995இல் எட்வர்ட் லூயிஸ், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் ஆகியோருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பழப்பூச்சியின் மரபியல் மனித உடலைப் புரிந்துகொள்ளவும் உதவும் என்பது ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்தது. அந்நம்பிக்கைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஹோமியோ களத்தின் கண்டுபிடிப்பு தலையாயது. பழப்பூச்சியின் 8 ஹாக்ஸ் மரபணுக்களும் மனிதனின் 39 ஹாக்ஸ் மரபணுக்களும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது இன்று பாடநூற் செய்தி. 1991இல் மக்காச்சோளத்தின் ஒரு மரபணுவிலும் ஹோமியோபாக்ஸ் அறியப்பட்டதால், இக்களம் விலங்கு, பூஞ்சை, தாவரம் ஆகிய பிரிவுகளுக்கும் முற்பட்டது என்பது தெளிவாயிற்று.

இக்கட்டுரை தொகுத்த வரலாற்றில் ‘மாறாது பேணப்பட்டது’ என்னும் சொல் மூன்று கட்டங்களில் மூன்று பொருள்களைப் பெற்றது. 1984இல் அது உறவின் அடையாளம். மரபணுக்களைத் தேடிக் கண்டறிய உதவிய குறி. 1985 முதல் 1990 வரை அது வேதியியல் தேவை, டி.என்.ஏ.வைப் பற்றுவதற்கு மாறாதிருக்க வேண்டிய அமினோ அமிலங்களின் தொகுதி. 1994க்குப் பின் அது ஒரு பொது அடித்தளம், துணைப்புரதம், டி.என்.ஏ. வடிவம், பற்றும் இடங்களின் வலிமையும் எண்ணிக்கையும் ஆகியவை அதன் மீது வேறுபாட்டை எழுப்புகின்றன. முதற்பொருளிலிருந்து மூன்றாம் பொருளுக்குச் செல்லப் பத்தாண்டுகள் ஆயின. அவ்வழியைச் சுட்டிய ஈஸ்ட் சான்று இடையில் கையிலேயே இருந்தது.

இன்று புதிதாக வரிசைப்படுத்தப்படும் மரபணுத் தொகுதிகளில் ஒரு மரபணுவின் பணி, பெரும்பாலும் அதில் காணப்படும் களத்தைக் கொண்டே கணினி வழியாகக் குறிக்கப்படுகிறது. அக்குறிப்பு தொடக்கத்துக்கு உரியது, முடிவுக்கு உரியதன்று. ஒரு புரதத்தில் ஹோமியோ களம் இருப்பது, அது படியெடுத்தலைக் கட்டுப்படுத்தக் கூடும் என்பதைச் சொல்லும். எந்த மரபணுவை, எந்த உயிரணுவில், எவருடைய துணையுடன் என்பதைச் சொல்லாது. அதைச் சோதனையே சொல்ல வேண்டும் என்பதே இந்நூற்றாண்டு கடந்த வரலாறு உணர்த்துவதாகும்.